பக்கத்து சீட்

“நீங்க எறங்கணும் அம்மா. நா மட்டும் ஒரு ரவுண்டு போயிப் பாக்கட்டு” என்றான் மெக்கானிக் யூசுப்.

சரஸ்வதியம்மாளுக்குச் சுருக்கென்றது.

தான் உட்காராமல் தன் காரை யாரும் ஓட்ட அவள் விட்டதில்லை. காலமெல்லாம் டிரெஷரியில் சாவிக்கொத்தோடு இருந்து ரிட்டயர் ஆனவள். இன்னொருவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பது என்பது அவள் ஜாதகத்திலேயே கிடையாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் அப்படித்தான். அங்கே யாராவது ஓட்டினால், இவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் கூடவே போவாள். வண்டி ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக ஓடும். கம்ப்யூட்டரில் ஏதோ பழைய கோளாறு பதிவாகிக் கிடந்தது, அழித்துவிட்டோம் என்று அனுப்பிவிடுவார்கள். போன தடவை அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள்.

ஆனால் அவள் தனியாக ஓட்டினால் விளக்கு எரிகிறது.

பழவங்காடியில் திரும்பும்போது, சறுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு. மழையில் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம்.

சொன்னால் யாரும் நம்பவில்லை. தனியாக இருந்து இருந்து தனக்குத்தான் புத்தி பிசகுகிறதோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைச் சொல்லவும் வீட்டில் ஆளில்லை.

இறங்கினாள்.

கார் கிள்ளிப்பாலம் வளைவில் மறைந்தது. ஒர்க் ஷாப்பின் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. நிற்க இடம் இருந்தது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

யூசுப் திரும்பி வந்து கதவைத் திறந்து காட்டினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு கோளாறைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் திருவனந்தபுரத்தில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

யூசுப் கம்ப்யூட்டரில் இருந்த பதிவை அழித்துவிட்டு, அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அதே வழியில் ஒரு சுற்றுப் போனான். எரியவில்லை. அவளை இறக்கிவிட்டுப் போனான். எரிந்தது. உடனே டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டான்.

வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கிற சென்சாருக்கு ஒயர் அந்த வழியாகத்தான் போகிறது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் கம்பியில் மாட்டி, அது உள்ளுக்குள்ளே அறுந்திருந்தது.

“ஆளு இருந்தா அந்த வெயிட்டுல ஒட்டிக்கிடும், இல்லன்னா விட்டுரும். இது அறுந்து ரெண்டு வருஷமாவது இருக்கும் அம்மா. இத்தன நாளும் இந்த சீட்டுல ஆரோ கூடவே இருந்திருக்காங்க, இல்லியா?”

“ஆமாம்” என்று மட்டும் சொன்னாள்.

தங்கை கோமதி இருந்தாள்.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிப் பேசுவதை அவர்கள் குடியிருந்த வலியசாலைத் தெருவே நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. கோயிலுக்கும் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு பேரும் ஒரே காரில் போய்வந்தார்கள். கோமதிக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவர்களுக்கே உரிய தைரியத்தோடு சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “பஸ் வரது, பிரேக் பிடி, பிடி” என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் கிழக்கேகோட்டை நெரிசலில் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. இனிமேல் என் வண்டியில் ஏறாதே என்று கத்திவிட்டாள்.

கோமதி அங்கேயே இறங்கி பஸ் பிடித்தாள். சாயங்காலம் ஒரு பெட்டியோடு, அதே தெருவில் எதிர்சாரியில் இருக்கும் சித்தப்பா பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓணம் வந்தது, போயிற்று. நவராத்திரி கொலுவும் ஆளுக்கொரு வீட்டில்தான். வாசலில் கோமதியின் புடவை காய்வதை வைத்து அவள் சௌக்கியம் என்று சரஸ்வதியம்மாள் தெரிந்துகொள்வாள். நான் சொன்னது தப்பு, வா என்று கூப்பிடத் தெருவைக் கடந்தால் போதும். எத்தனையோ தடவை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாள். அவளுக்கு வாய் வரவில்லை.

யூசுப் கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டு அன்று அவள் நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. சித்தப்பா பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தாள்.

கோமதி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள்.

சரஸ்வதியம்மாள் கண்ணாடியை இறக்கினாள்.

“பக்கத்துல ஆள் உக்காந்தாத்தான் பிரேக் சரியா இருக்குமாம், கோமு. மெக்கானிக் பரிசோதிச்சுச் சொல்லிட்டான்.”

கோமதி மழையில் நனைந்தபடி காரையும் அக்காவையும் பார்த்தாள்.

“எத்தனை நாளைக்கு?”

“தெரியலை. சாமான் எர்ணாகுளத்துலேர்ந்து வரணுமாம்.”

கோமதி உள்ளே போய்க் குடையும் பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை.

யூசுப் அந்த ஒயரைப் புதிதாக மாற்றி, காலி சீட்டோடு ஓட்டிப்பார்த்து, இனி விளக்கு வராது என்று காட்டிய பிறகுதான் சரஸ்வதியம்மாளிடம் சாவியைக் கொடுத்திருந்தான்.