பூட்டிக்கொண்ட முழங்கால்

“ஏம்மா, கண்ணு தெரியலையா? கால் முடியாதவர் நிக்கிறாரு, நீ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க.”

மொஹேர் கம்பளித் தொப்பி போட்ட அந்த அம்மாள் போட்ட போடில் டிராமே திரும்பிப் பார்த்தது. ஜன்னலோரம் இருந்த இளம்பெண் காதிலிருந்து ஒயரை எடுத்தாள். நின்றுகொண்டிருந்த போகுஸ்லாவின் வலது காலைப் பார்த்தாள். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்புக் கம்பி, தோல் பட்டை. காலைத் தாங்கும் பெரிய காலிப்பர்.

அவள் உடனே எழவில்லை. காலை நீட்டிக்கொண்டு, டிராமின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, சாவகாசமாக எழுந்தாள்.

“எந்திரிக்கிற அழகைப் பாரு. மகாராணி,” என்றாள் தொப்பிக்காரி.

போகுஸ்லாவுக்கு உடம்பு கூசியது. அவர் காலில் ஒரு குறையும் இல்லை.

அவர் மொழிபெயர்ப்பாளர். காலிப்பர் செய்யும் ஸெனோன், தன் விளக்கத்தாளைப் போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றக் கொடுத்திருந்தார். தொடைப்பட்டை, கணுக்கால் கீல், முழங்கால் பூட்டு எல்லாம் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது ஒரே வரி. ‘உட்காரும்போது பூட்டை உரிய முறையில் விடுவிக்கவும்.’

உரிய முறை என்றால்? போனில் கேட்டதற்கு, உரிய முறைன்னா உரிய முறைதான்யா, எல்லாருக்கும் தெரியும் என்றார் ஸெனோன். அயர்லாந்தில் யாரோ ஒருவர் இதைப் படித்துவிட்டு உட்கார முடியாமல் நின்றுகொண்டிருப்பாரே என்று போகுஸ்லாவுக்குக் கவலை. மாதிரிக்கு வந்திருந்ததைத் தானே மாட்டிப் பார்த்தார். எழுந்து நின்றதும் முட்டியின் இருபுறமும் இரண்டு வளையங்கள் டக்கென்று விழுந்து பூட்டிக்கொண்டன. அதன்பிறகு அவை அசையவே இல்லை. கழற்றிவிடலாம் என்றால் பூட்ஸ் நாடா வரை குனிய வயிறு விடவில்லை.

மறுபடி போன் செய்தார். ஸெனோன் வெகுநேரம் சிரித்துவிட்டு, கையெல்லாம் பிளாஸ்டர் மாவு, நீயே கிளம்பி வா, மத்தியானம் அயர்லாந்துக்குப் பார்சல் போகணும் என்றார். மாடிப்படியில் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பன்றிக்கால் ஜெல்லி சாப்பிட்டால் முட்டிக்கு நல்லது என்று ஒரு கிண்ணத்தையே கையில் திணித்துவிட்டாள்.

இப்போது டிராமில் என்னவென்று சொல்வது? எனக்கு ஒன்றுமில்லை, ஒரு வரிக்காக மாட்டிக்கொண்டேன் என்றா? உட்கார்ந்துவிட்டார். நீட்டிய கால் பாதி வழியை அடைத்தது. எல்லோரும் பயபக்தியுடன் தாண்டிப் போனார்கள்.

“விபத்தா?” என்றாள் தொப்பிக்காரி.

“வேலையில ஆனது,” என்றார். பொய் இல்லையே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

“பாவம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காதுல ஒயரு, கண்ணுல திமிரு.”

“விடுங்கம்மா. சின்னப் பொண்ணு,” என்று பெருந்தன்மையாக மன்னித்தார். சொன்ன பிறகுதான், மன்னிக்க நான் யார் என்று உறைத்தது. அந்த இக்கட்டை மறைக்க, குனிந்து வளையங்களோடு மல்லுக்கட்டினார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண், அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்: “மடக்கப் பாத்துக்கிட்டே தூக்கினா வராதுங்க. முதல்ல முட்டியை இன்னும் நல்லா நீட்டுங்க. அப்புறம் ரெண்டு வளையத்தையும் ஒண்ணாத் தூக்குங்க.”

நீட்டினார். தூக்கினார். கால் வெண்ணெய் போல் மடங்கியது. மூன்று நாளாக வராத வரி, இதோ.

“முதல் வாரம் எல்லாருக்கும் இப்படித்தான்,” என்றாள் அவள். “போகப் போகக் கை பழகிடும். பயப்படாதீங்க.”

போகுஸ்லாவ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவளுடைய தொளதொள பேண்டைப் பார்த்தார். அதற்குமேல் அந்த இருக்கையில் அவரால் இருக்க முடியவில்லை. ஜெல்லிக் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கி, பூட்டு மறுபடி விழாதபடி வளையங்களைக் கையால் பிடித்துக்கொண்டே எழுந்தார். இரண்டு முட்டியையும் மாற்றி மாற்றி மடக்கிக் காட்டினார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. கால் நல்லாத்தான் இருக்கு. நீ உக்காரு.”

அடுத்த கணம் தொப்பிக்காரி ஆரம்பித்தாள். டிராமில் இடம் பிடிக்க இரும்பைக் கட்டிக்கொண்டு வரும் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாளாம். கையில் ஜெல்லி வேறு, வெட்கமே இல்லையாம். பின்னாலிருந்தும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை வாயும் அடைத்துப்போகும். ஆனால் அந்தப் பெண் பேண்டுக்குள் மறைத்து வைத்திருப்பதை எடுத்துச் சொல்ல அவர் யார்? ஜெல்லிக் கிண்ணத்தை அணைத்துக்கொண்டு, தலை குனிந்து வசவை வாங்கிக்கொண்டார்.

“நீ உக்காரும்மா, இந்த மோசக்காரனுக்குப் போயி எழுந்தியே,” என்று தொப்பிக்காரியே அவளைக் கைபிடித்து உட்கார வைத்தாள்.

அவள் காலை முன்னால் நீட்டினாள். பேண்டுக்கு மேலாகவே முட்டியின் இருபுறமும் கை வைத்துத் தூக்கினாள்.

டக்.

அத்தனை வசவுக்கும் நடுவில், அந்தச் சத்தம் போகுஸ்லாவுக்கு மட்டும் கேட்டது.