ஒரே ஒரு ரிங்

உப்புக் குவியல்களைத் தார்ப்பாயால் மூடி முடித்தும் கலியன் வரப்பை விட்டு நகரவில்லை. கையிலிருந்த பட்டன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, மழை வானூரைத் தாண்டிடுச்சு. ஆப்லயே காட்டுது" என்றாள் மகள் தேன்மொழி.

"வானூர்ல தூத்தல் போட்டா எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும்மா. அதைப் பாத்துதான் இத்தினி வருஷமா குவியலை மூடுறேன். இன்னிக்கு வரலையே."

"அதான் ஆப் பாத்து மூடிட்டோமே! இந்தக் காலத்துல யாருப்பா மிஸ்டு கால் குடுக்கறாங்க? பேசினா காசா போவுது?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையோ" என்று முணுமுணுத்தார். மழை பிடித்துக்கொண்டது. அப்போதும் அசையவில்லை.

ஃபோன் ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்தது. கலியன் பெருமூச்சு விட்டார். "நல்லாத்தான் இருக்கான். வா, போலாம்."

தேன்மொழி ஃபோனை வாங்கிப் பார்த்தாள். திரையில் 'மச்சான்' என்று இருந்தது. அவளுக்குத் தாய்மாமன்.

"மாமாவா! அம்மா சாவுலகூட நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கலையே!"

"இப்ப மட்டும் யாரு பேசினது?" என்றபடி கலியன் முன்னால் நடந்தார். "ரிங்குதானே விட்டான்."