உடைக்க வேண்டிய சுவர்

"அடுப்படிக்கும் விருந்தாளி அறைக்கும் நடுவுல இருக்கிற இந்தச் சுவரை இடிச்சிடும்மா," என்றாள் வீட்டுக்காரி உம் கஸ்ஸான். "நம்ம பக்கத்துத் தெரு சிஹாம் வீட்டுச் சுவரை டி.வி. நிகழ்ச்சியில ரெண்டே நாள்ல இடிச்சாங்க. அவ்வளவு அழகு."

நிஸ்ரீன் அம்மான் நகரில் வீட்டு உள் அலங்காரம் செய்பவள். டி.வி. பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர்களிடம் மறுத்துப் பேசியே பல வேலைகளை இழந்திருந்தாள். இதையும் இழக்க மனமில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"காலிஃபிளவர் பொரிச்சா, வாசனை விருந்தாளி மடியில உட்காருமே?"

"சிஹாமுக்கு உட்காரலையா? உன்னால முடியலைன்னா அந்த டி.வி.க்காரங்களையே கூப்பிட்டுக்கறேன்."

"செய்யறேன். ஆனா அடுத்த வாரம்தான் வர முடியும். ஒரு வீட்டுல புதுசா சுவர் எழுப்பிட்டிருக்கேன்."

உம் கஸ்ஸான் சிரித்தாள். "இந்தக் காலத்துல சுவர் எழுப்பறாங்களா? பாவம், அவங்க வீட்டுல டி.வி. இல்லையோ?"

"இருக்கு. பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளையோட அம்மா, காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அடுப்படியில குவிஞ்சிருந்த எச்சில் பாத்திரத்தையே பார்த்துட்டிருந்தாங்களாம். அன்னிக்கே என்னைக் கூப்பிட்டுட்டாங்க."

"அப்படி யாரு அது?"

"சிஹாம்தான்."

உம் கஸ்ஸான் எழுந்து போய்த் தன் சுவரை மெல்லத் தடவினாள்.

"அவ சுவருக்கு என்ன நிறம் அடிக்கிறா?" என்று கேட்டாள். "இதுக்கும் அதையே அடிச்சிடு."