பெட்டியில் ஒரு ஓட்டை

"திருடனுக்கு மூளை மட்டு" என்றார் வக்கீல் ராசாங்கம். அவருடைய மேசைமேல் இரண்டு இரும்புப் பெட்டிகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. "உள்ள இருக்கறத காப்பி அடிச்சான், சரி. பக்கத்துல இருக்கற ஓட்டையைக்கூடவா அடிப்பான்?"

அண்ணாதுரைக்குச் சிரிப்பு வரவில்லை. இடதுபுறப் பெட்டி பெரம்பலூரில் அவருடைய கம்பெனியில் செய்தது. மற்றது உடையார்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் குழந்தைவேல் செய்தது.

வயலுக்குக் கரண்டு எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாத காலம் அது. வந்த மறுநொடி கிணற்று மோட்டாரைத் தானாக ஓடவிடும் பெட்டி என்றால் விவசாயி விடுவானா? ஊர் ஊராக மோட்டார் விற்றுக்கொண்டிருந்த மைத்துனன் தர்மன் ஒருநாள் படம் வரைந்து கொண்டுவந்து நீட்டினான். ராத்திரி பகலாக யோசித்ததாகச் சொன்னான். அண்ணாதுரை உச்சி குளிர்ந்துபோய்த் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். அதே பெட்டியை வேறொருவன் விற்கிறான் என்று தெரிந்ததும் கோர்ட்டுக்குப் போனார்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. ஐப்பசி மழையில் எறையூரில் ஒரு மோட்டார் கொட்டகை ஒழுகி, அண்ணாதுரையின் பெட்டிக்குள் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது. பெட்டியைத் தொட்ட விவசாயி சாமிக்கண்ணுவைக் கரண்டு தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தது அவர் பெண்டாட்டியின் தாலி பாக்கியம். வலது கை மட்டும் வெந்துபோனது.

விசாரிக்க வந்த மின்சார அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். இந்த ஓட்டை எதற்கு? திங்கட்கிழமைக்குள் தக்க காரணம் சொல்ல வேண்டும், அல்லது அடைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விற்ற பெட்டிகளையெல்லாம் கழற்றச் சொல்லி உத்தரவு வரும், கம்பெனிக்குப் பூட்டுத்தான் என்றார்.

"காத்துப் போறதுக்கு மாமா" என்றான் தர்மன். காற்றுக்கு விடுபவன் ஈர்க்குச்சி நுழையும் அளவில், அதுவும் உள்பக்கம் சாய்வாக, ஒரே ஒரு ஓட்டையா விடுவான் என்று அதிகாரி திருப்பிக் கேட்டார்.

"அடைச்சுத் தொலைச்சுடலாம் சார்" என்று இப்போது வக்கீலிடம் கெஞ்சினார் அண்ணாதுரை.

"தொடாதீங்க. அந்த ஓட்டைதான் நம்ம கேஸே. காரணத்தோடதான் போட்டோம்னு கோர்ட்ல சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப அடைச்சா அவன் வக்கீல் சும்மா இருப்பானா?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஓட்டையை அடைத்தால் கேஸ் போகும். விட்டுவைத்தால் கம்பெனி போகும். இருபது குடும்பம் கஞ்சி குடிக்கும் இடம் அது. அடுத்த மழைக்கு இன்னொரு சாமிக்கண்ணுவின் கையும் வேகும்.

கூட வந்திருந்த தர்மன் இதற்குள் குழந்தைவேலின் பெட்டியைத் திறந்துவிட்டான். ஓட்டைக்கு உள்ளே, முனை அடைத்த சின்னக் குழாய் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. "காப்பிகூட ஒழுங்கா அடிக்கத் தெரியல. காத்துப் போற வழியையே அடைச்சு வச்சிருக்கான்" என்று சிரித்தான். குழாயிலிருந்து கொஞ்சம் சாம்பல் மேசையில் உதிர்ந்தது. கரும்புச் சோகை கொளுத்திய சாம்பல் என்று வாயால் ஊதித் தள்ளினான்.

வக்கீல் ஒரே ஒரு வழி சொன்னார். ஓட்டை உட்பட எல்லாவற்றையும் அண்ணாதுரையின் பெட்டியைப் பார்த்துத்தான் செய்தேன் என்று குழந்தைவேல் கையெழுத்துப் போட்டுவிட்டால் கேஸ் அங்கேயே முடிந்துவிடும். பிறகு அண்ணாதுரை தன் ஓட்டையைத் தாராளமாக அடைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே உடையார்பாளையத்துக்கு பஸ் ஏறினார் அண்ணாதுரை. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பட்டறையில் குழந்தைவேல் இல்லை. அவன் மனைவி குஞ்சம்மாள்தான் இருந்தாள். கேஸ் போட்டவர் இவர்தான் என்று தெரிந்ததும் அவள் முகம் சுண்டியது. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. கெணத்து மோட்டாரு பாக்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு."

அவர் உட்கார்ந்தார். நஷ்டஈடு கேட்க மாட்டேன், கையெழுத்து மட்டும் போடு என்று சொல்ல வேண்டிய பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டார். அவன் மறுத்தால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

குஞ்சம்மாள் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். ஊதுவத்திகளைக் கொளுத்தி, படத்துக்கு ஒன்று வைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டியின் அருகே போய், அதன் பக்கவாட்டு ஓட்டையில் ஒன்றைச் சொருகினாள். அது அளவெடுத்ததுபோல் உள்ளே இறங்கிச் சாய்வாக நின்று புகைந்தது.

அண்ணாதுரை ஸ்டூலை விட்டு எழுந்து பெட்டியருகே போனார். "அந்த ஓட்டை... அது எதுக்கும்மா?"

"ஊதுவத்திக்குத்தாங்க. கரண்டு சாமானாச்சே, கும்புட்டுத் தொடணும்னு மொதப் பெட்டி செஞ்சப்பவே நான்தான் போடச் சொன்னேன். குச்சி கம்பியில படக்கூடாதுன்னு உள்ள குழாயும் வச்சுக் குடுத்தாரு."

அவள் விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க பெட்டியில அது எதுக்குங்க?"