கொத்தமல்லிப் பாத்தி

"சென்னம்மா வூட்டுக் கோழிங்க மறுபடியும் நம்ம கொத்தமல்லிப் பாத்தியில நிக்குது. அத்தை வாயத் தொறக்கறதில்லன்னு அவங்களுக்குக் குளிர் வுட்டுப் போச்சுங்க."

காலையிலேயே ஐஸ்வர்யா கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

வீரமணி பின்பக்கம் எட்டிப் பார்த்தான். கோழிகள் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்தன. அம்மா ராணியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய ராணியம்மாள் என்றால் கம்பைநல்லூர் சந்தை வரைக்கும் சத்தம் கேட்டிருக்கும். அவளுக்கும் பக்கத்து வீட்டு சென்னம்மாளுக்கும் அப்படி ஒரு பொருத்தம். இந்த ஆடியிலிருந்துதான் அடங்கிவிட்டாள். தெருவே நிம்மதியாக இருந்தது.

"வயசாயிடுச்சில்ல, பக்குவம் வந்துடுச்சு" என்று வீரமணி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். களி உருண்டையில் பாதியை அவள் தட்டிலேயே வைத்துவிடுவதும் அவனுக்குப் பக்குவமாகத்தான் பட்டது.

இன்று கேட்டுவிடுவது என்று வேலியோரம் போனான். சென்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"வீரமணி, உங்கம்மாவ தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. மனசுக்குப் பாக்கற டாக்டருகிட்ட காட்டு."

"எங்க அத்தைய பைத்தியம்னு சொல்றீங்களா?" ஐஸ்வர்யா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"அப்படி யாரு சொன்னது? நான் திட்டி, திருப்பித் திட்டாத ராணிய நான் பாத்ததே இல்ல. எனக்குப் பயமா இருக்குது."

மறுநாள் அம்மா களியைத் தொடவே இல்லை. வீரமணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

"மனச்சோர்வுங்க" என்றார் டாக்டர். "வயசானவங்களுக்குச் சத்தமில்லாம வரும். அமைதியாயிட்டாங்கன்னு வீட்ல நெனச்சுக்குவாங்க. சரி பண்ணிடலாம். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும், நடுவுல நிறுத்திடாதீங்க."

வீரமணியால் தலை நிமிர முடியவில்லை.

ஐஸ்வர்யா மாத்திரையைத் தவறாமல் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். மாமியாரும் மருமகளுமாகக் கொத்தமல்லியை மறுபடி விதைத்தார்கள். தட்டில் களி மிஞ்சுவது மெல்லக் குறைந்தது. உடம்பு சரியில்லாதவள் தோட்டம் என்றும் பாராமல் கோழிகள் மட்டும் வந்துகொண்டுதான் இருந்தன.

தை பிறந்தது. ஒருநாள் காலையில் பின்பக்கம் பெரிய சத்தம்.

"ஏண்டி சென்னம்மா, கோழிய அடைச்சு வெக்கத் துப்பில்ல? உங்கோழி தின்னு கொழுக்க நானா தண்ணி ஊத்தறது?"

வீரமணி பதறி ஓடினான். அம்மா விளக்குமாறும் கையுமாக நின்றிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சென்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பேசுனத தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா" என்றான்.

"நீ சும்மா இரு வீரமணி. தெனமும் நாந்தான் கோழிய வேணும்னே தொறந்து வுடறன். இன்னிக்குத்தான் கேக்கறா."