தகர டப்பாவில் மூன்றாம் நாள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் புது டிரெய்லர் வண்டிவீட்டின் மேல்படுக்கையிலிருந்து எழுந்த வெர்லின், மூன்றாவது நாளாகக் கூரையில் மண்டையை முட்டிக்கொண்டான்.

"கூரைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றாள் மனைவி லோர்னா.

"சிரி, சிரி. இங்கேருந்து முதல்ல ஓடுறவங்க தோத்தாங்க. நீ தோத்தா வீட்டை வித்துட்டு இதுலயே ஊர் சுத்துறோம், ஞாபகம் வச்சுக்க."

"நீ தோத்தா வீடு இருக்கும், இந்தத் தகர டப்பா போகும்."

"நானா? இங்கேயே சாகவும் தயார்."

வீரம் பேசியவன், கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது, காலி செய்யும்வரை இதிலுள்ள கக்கூஸ் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டுக் குழாயோடு இறங்கிப் போனான். லோர்னாவுக்குக் காலையிலிருந்தே வயிறு சரியில்லை. அவன் தலை மறைந்ததும் அவளும் இறங்கி, மழையில் இருபதடி ஓடி, தன் வீட்டுச் சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். நெடும்பயணம் கிளம்புமுன் டிரெய்லர் வாங்கும் பலரும் செய்வதுபோல, அவர்களும் டிரெய்லரைச் சொந்த வாசலில் நிறுத்தித்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஆளிருக்கு," என்றான் வெர்லின், பழக்கதோஷத்தில்.



"முதல்ல ஓடுனது நீதான், வீடு தப்பிச்சது," என்றாள் லோர்னா. "சீக்கிரம் வெளிய வா, எனக்கு அவசரம்."