பாக்டீரியா கேட்ட சாப்பாடு

ஆய்வுக்கூடத் தட்டில் தக்காளி இலைத்துண்டு ஒன்று வெட்டுக்காயத்தோடு கிடந்தது. காயத்தில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியா, தான் சுமந்து வந்த மரபணுவை அதற்குள் அனுப்பியது.

"கொடுத்துட்டேன். இனி நீ எனக்குச் சமைச்சுப் போடணும். மண்ணுல எங்க வம்சம் மரபணு கொடுத்தா, வாங்கின செடி அதை வச்சுச் சமைச்சுப் போடும்; அதுதான் வழக்கம்."

இலைத்துண்டு தனக்குள் தேடிப் பார்த்தது. "இதுல பழம் அழுகாம இருக்கிற வித்தைதான் இருக்கு. சமைக்கிற வித்தை இல்லையேப்பா. அதை யாரோ எடுத்துட்டு இதை வச்சிருக்காங்க."

"நல்லாப் பாரு. பசிக்குது," என்றது பாக்டீரியா.

இலைத்துண்டு மறுபடி தேடிக்கொண்டிருக்கும்போதே ஆய்வாளர் மருந்தை ஊற்றினார். வேலை முடிந்த பாக்டீரியாவைக் கொல்வதற்கான மருந்து அது.

இலைத்துண்டு வேர்விட்டுச் செடியானது. முதல் பழம் சிவந்த அன்று, "சாப்பிட வாப்பா" என்று கூப்பிட்டது.

யாரும் வரவில்லை. பழமும் அழுகவில்லை.